நவம்பரில் படுக்கும் மரம்

வடபழனி ஆண்டவர் கோயிலின் தல விருட்சம் அத்தி. செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்பவர்கள் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஊருக்குப் புலியூர் என்று பெயர் இருந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அண்ணாசாமி தம்பிரான் ஒரு கொட்டகையில் முருகன் படத்தை வைத்துப் பூசை செய்யத் தொடங்கிய இடம் இது. அந்த வெட்டவெளியை இப்போது நினைத்துப் பார்ப்பதே கடினம். 2015இலிருந்து நடந்து போகும் தூரத்தில் மெட்ரோ ரயில் மேம்பாலத்தில் ஓடுகிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக ஆற்காடு சாலையையும் தோண்டிப்போட்டார்கள்.

கோயிலுக்கு வெளியே அத்திக்கு இந்த மரியாதை கிடையாது. காக்கையோ குயிலோ வௌவாலோ எச்சமிட்ட இடத்தில் முளைக்கும். பழைய வீட்டின் மழைநீர்க் குழாய் ஓரம், இரண்டு காம்பவுண்டுச் சுவருக்கு நடுவில், பழைய கிணற்றின் உள்சுவரில் என்று எங்கே ஈரம் கண்டாலும் வேர் விடும். சுவர் வெடித்துவிடும் என்று வெட்டுவார்கள். மழைக்காலம் முடிவதற்குள் வெட்டிய இடத்திலிருந்தே நான்கு கிளை வந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அத்தியை யாரும் வளர்ப்பதில்லை, அது தானாக வளர்ந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றி, உரம் வைத்து, பொத்திப் பாதுகாத்த அத்தியை நான் முதன்முதலில் பார்த்தது கனடாவில்தான்.

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. நான் போய் இறங்கியது நவம்பர் தொடக்கத்தில். மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றன. காலை நேரத்தில் புல்மேல் வெள்ளையாக உறைபனி. தங்கையின் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் போட்ட குடும்பம். 83 கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்த பல்லாயிரம் பேரில் ஒருவராக இங்கே வந்து, கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வடபழனி என்றதும், "கோயிலுக்கு எவ்வளவு கிட்ட?" என்று கேட்டார். கோயில் மரம் அத்தி என்றேன். "அப்ப இஞ்ச வாங்கோ பிள்ளை" என்று நேரே தன் கராஜுக்கு அழைத்துப் போனார்.

அங்கே கார் இல்லை. கார் வெளியே குளிரில் நின்றது. உள்ளே பெரிய பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில், ஓர் இலைகூட இல்லாமல், சாம்பல் நிறக் கொம்புகளாக அத்தி மரங்கள். பார்த்தால் பட்டுப்போன விறகு என்றுதான் தோன்றும். ஐயா ஒரு கொம்பின் தோலை நகத்தால் லேசாகக் கீறினார். அடியில் பச்சை. சிறு முத்தாகப் பால் கசிந்தது. "நித்திரை. சாகேல்லை" என்றார்.

இவை நம் ஊர் அத்தி இல்லை. நம்முடையது அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். குளிர்காலத்தில் தூங்கத் தெரியாத மரம், டொராண்டோவில் வெளியே விட்டால் முதல் உறைபனியோடு முடிந்துபோகும். ஐயா வைத்திருப்பது சீமை அத்தி. நாட்டு மருந்துக் கடையில் கயிற்றில் கோத்துத் தொங்கும் உலர்ந்த அத்தி தருகிற மரம். மத்தியதரைக்கடல் ஓரத்திலும் மேற்காசியாவிலும் வாழ்ந்து பழகியது. குளிர் வந்தால் இலையை உதிர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். லேசான உறைபனியை அது தாங்கிக்கொள்ளும். மைனஸ் 10 டிகிரியைத் தாண்டிக் கீழே போகும்போதுதான் தண்டு கருகத் தொடங்கும். வேர் மட்டும் மண்ணுக்குள் பிழைத்துக் கிடக்கும். டொராண்டோவில் ஜனவரி இரவுகள் சில மைனஸ் 20 வரை இறங்கும்.

வேர் பிழைத்தால் போதாதா என்று கேட்டேன். வசந்தத்தில் அடியிலிருந்து புதுத் தளிர் வரும், வாஸ்தவம்தான். அந்தத் தளிர் ஆளுயரம் வளர்ந்து, இலைக்கக்கத்தில் காய் பிடித்து, அது பழுக்கக் குறைந்தது மூன்று மாத வெயில் வேண்டும். இங்கே மே மாதத் தொடக்கம் வரைகூட உறைபனி எட்டிப் பார்க்கும். அக்டோபரில் திரும்பி வந்துவிடும். காய் கல்லாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே குளிர் முந்திக்கொள்ளும். பழைய கொம்பு உயிரோடு இருந்தால் மரத்துக்குப் பல வாரம் மிச்சம். இவர்கள் இவ்வளவு பாடுபடுவது அந்த வாரங்களுக்காக. அடியோடு கருகினாலும் அதே ஆண்டுத் தளிரில் காய்த்துப் பழுக்கக்கூடிய சிகாகோ ஹார்டி போன்ற ரகங்கள் வந்திருக்கின்றன. ஐயாவும் ஒன்று வைத்திருக்கிறார். ஆனால் அதன் பழத்தை அவர் பெரிதாக மதிப்பதில்லை.

கராஜ் முறை சோம்பேறிக்கு ஆனதல்ல. தொட்டி மண் முழுக்கக் காய்ந்தாலும் போச்சு, நனைந்து கிடந்தாலும் போச்சு. மாதத்துக்கு ஒரு தடவை ஒரு செம்பு தண்ணீர். எலி வந்து பட்டையைச் சுற்றிக் கடித்தால் மரம் காலி. கராஜ் சூடாகிவிட்டால் மார்ச் மாதத்திலேயே மரம் கண் விழித்து இலை விடும். இருட்டில் வந்த அந்த வெளிறிய இலையை நேரே வெயிலில் வைத்தால் தீய்ந்துவிடும். அதனால் ஏப்ரல், மே முழுக்கப் பகலில் தொட்டிகளை வெளியே நிழலுக்குத் தள்ளுவதும் இரவில் உள்ளே இழுப்பதுமாகப் போகும். இதே கராஜில் ஜன்னல் ஓரமாகச் சின்ன ஹீட்டரோடு கறிவேப்பிலைக் கண்டுகளும் ஒரு மல்லிகையும் இருந்தன. ஸ்கார்பரோவில் தமிழ்க் குடும்பங்களின் வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே வந்துவிட்டது என்றால் குளிர்காலம் வந்துவிட்டது என்று பொருள்.

அத்தி வளர்க்க ஐயாவுக்குக் கற்றுக்கொடுத்தது தமிழர் இல்லை. தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்ற இத்தாலியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், தெற்கு இத்தாலியின் ஏழைக் கிராமங்களிலிருந்து பெருங்கூட்டமாக டொராண்டோவுக்கு வந்தவர்கள் இந்த நகரத்தின் வீடுகளையும் சாக்கடைகளையும் சுரங்க ரயில் பாதைகளையும் கட்டினார்கள். அவர்களின் வீட்டுப் பின்புறத்தில் தக்காளி, திராட்சைக் கொடி, கட்டாயம் ஓர் அத்தி. அந்த இத்தாலியர் காலமாகிவிட்டார். அவர் மனைவி மட்டும் செயின்ட் கிளேர் அவென்யூ பக்கத்தில் அதே வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டு அத்தியைக் குளிர்காலத்துக்காக மண்ணில் கிடத்திப் புதைக்க ஐயா போகிறார் என்று தெரிந்ததும் நானும் கிளம்பிவிட்டேன்.

காரில் போகலாம் என்றார் ஐயாவின் மகன். ஐயா ரயிலில்தான் போவேன் என்றார். கென்னடி நிலையத்தில் ஏறினோம். வழியில் டான் பள்ளத்தாக்கை ரயில் கடக்கிற பாலம் ஒன்று உண்டு. 1918இல் கட்டி முடித்தது. மேல்தளம் வண்டிகளுக்கு, அப்போது நகரத்தில் சுரங்க ரயிலே கிடையாது, என்றாவது வரும் என்று கீழே ஒரு தளத்தைச் சேர்த்துக் கட்டி வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து 1966இல்தான் அதில் ரயில் ஓடியது. சுரங்க இருட்டிலிருந்து சட்டென்று வெளிச்சத்துக்கு வந்தபோது, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மொட்டை மரங்கள், நடுவில் மெலிந்த ஓர் ஆறு. ஓக் மரங்கள் மட்டும் பழுப்பு இலைகளை விடாமல் வைத்திருந்தன. செயின்ட் ஜார்ஜில் வண்டி மாறி, செயின்ட் கிளேர் வெஸ்டில் இறங்கி, 512ஆம் எண் டிராமில் மேற்கே போனோம். கோர்சோ இத்தாலியா என்று அழைக்கப்படும் தெரு. 1982இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது லட்சக்கணக்கானவர்கள் இறங்கி ஆடிய இடம். இன்று காபிக் கடைகளுக்கு நடுவில் போர்த்துகீசியர் கடையும் லத்தீன் அமெரிக்கர் கடையும் வந்துவிட்டன. இத்தாலியர்களின் பிள்ளைகள் வடக்கே வாகன், வுட்பிரிட்ஜ் பக்கம் பெரிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

டிராமில் உட்கார்ந்திருந்தபோது ஐயாவுக்குக் காஞ்சிபுரத்தைப் பற்றிச் சொன்னேன். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் அத்தி மரத்தால் ஆன பெருமாள் இருப்பதையும், 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து 48 நாள் தரிசனத்துக்கு வைப்பதையும், 1979க்குப் பிறகு 2019 ஜூலையில் அவர் எழுந்தருளியபோது காஞ்சிபுரத்துச் சாலைகள் எல்லாம் திணறியதையும். அத்திக் கட்டை வெளியே கிடந்தால் சீக்கிரம் உளுத்துவிடும், தண்ணீருக்கு அடியில் நெடுநாள் நிலைக்கும். அதனால் முன்பு கிணற்று வேலைக்கு அதை எடுத்துக்கொள்வார்கள். ஐயா கவனமாகக் கேட்டார். "அப்ப இவையளும் அத்தி வரதர்தான். எங்கட ஆக்களுக்கு ஆறு மாசம், அவருக்கு நாப்பது வருசம்" என்றார்.

மண்ணுக்குள் அத்தியைக் கிடத்துவது இத்தாலியர்கள் கண்டுபிடித்ததல்ல. பாரிசை ஒட்டிய அர்ஜன்தேயில் 19ஆம் நூற்றாண்டுத் தோட்டக்காரர்கள் நவம்பரில் அத்திக் கிளைகளைச் சேர்த்துக் கட்டிப் பள்ளத்தில் படுக்கவைத்து மண் மூடி, வசந்தத்தில் எழுப்பி, பழத்தைத் தலைநகரச் சந்தைக்கு அனுப்பினார்கள். சீனாவின் சிஞ்சியாங்கில் அதுஷ் என்ற ஊர் அத்திக்குப் பேர்போனது; பாலைவனக் குளிர் கொல்லாமல் இருக்க உய்குர் விவசாயிகளும் மரத்தை மண்ணால் மூடுகிறார்கள். அரசர்களுக்கு வேறு வழி இருந்தது. 14ஆம் லூயிக்கு அத்தி என்றால் உயிர். வெர்சாய் அரண்மனைத் தோட்டக்காரர் லா கேன்தினி 700க்கும் மேற்பட்ட மரங்களைப் பெட்டிகளில் வளர்த்துக் குளிர்காலத்தில் கூரைக்கு அடியில் தள்ளிவைத்தார். ஐயாவின் கராஜும் அதே முறைதான். அரசருக்கு ஆள்பலம் இருந்தது, இவருக்கு முதுகுவலி இருக்கிறது.

வீடு செங்கல் வீடு, ஒடுங்கலான பின்கட்டு. அம்மையார் கதவைத் திறந்து ஐயாவை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு வரவேற்றார். வுட்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த பேரன் கையுறையோடு நின்றான். கல்லூரியில் படிக்கிற பையன். தாத்தா இருந்தபோது அவன் சின்னவன், மண்வெட்டி பிடித்ததில்லை. அப்பாவுக்கு இதில் நாட்டமில்லை. இரண்டு குளிர்காலம் மரத்தைப் புதைக்க ஆள் வரவில்லை. பாட்டி பழைய ஜமுக்காளத்தையும் போர்வையையும் சுற்றிப் பார்த்திருக்கிறார். மேல் கிளைகள் எல்லாம் கருகிப்போய், அடியிலிருந்து வந்த புதுக்கொம்புகள் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. பழுக்காத காய்கள் இன்னும் நுனியில் இருந்தன.

"குளிர் பிரச்சினை இல்லை பிள்ளை. குளிர் எப்பவும் இருக்கிறதுதானே. கிடங்கு வெட்ட ஆள் வேணும்" என்று ஐயா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். இந்தத் தெருவில் எத்தனையோ வீட்டில் அத்தி போனது அப்படித்தானாம். தாத்தாவுக்கு இடுப்பு விழும், ஒரு வருடம் தள்ளிப்போடுவார்கள், அப்புறம் வீடு விற்கப்படும். வாங்குகிறவர் பின்புறத்துக்குச் சிமென்ட் போடுவார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மேரி மெனிட்டி என்பவர் இத்தாலியக் குடியேறிகளின் வீட்டுத் தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவருகிறார். மரத்தோடு மரம் வளர்க்கும் வழியும் போய்விடும் என்ற கவலைதான் அந்த வேலைக்குக் காரணம். எனக்கும் அதுவே பட்டது. எங்கள் கோயில் அத்திக்குக் கோயில் காவல். சுவரிடுக்கு அத்திக்கு அதன் முரட்டு வேர் காவல். செயின்ட் கிளேர் அத்திக்கு வருடத்துக்கு ஒரு நாள் இரண்டு மனிதர்கள் வேண்டும், அவர்கள் இல்லையென்றால் அது இல்லை.

முதல் வேலை காய்களையும் ஒட்டியிருந்த இலைகளையும் உருவுவது. "ஒண்டும் இருக்கக் கூடாது. இருந்தா அழுகிப் பூஞ்சணம் பிடிக்கும்." உடைத்த இடத்தில் பால் வடிந்தது. கையில் பட்டு வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும் என்று பையனைக் கையுறையைக் கழற்ற விடவில்லை. ஒரு காயை நான் பிட்டுப் பார்த்தேன். உள்ளே வெளிர் இளஞ்சிவப்பில் பூக்கள் மட்டும், பூச்சி இல்லை. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று கேட்டு வளர்ந்தவளுக்கு இது புதுசு. நம் அத்திக்குள் இருப்பவை அதன் மகரந்தத்தைச் சுமக்கும் நுண்ணிய குளவிகள், அவை இல்லாமல் அந்த மரத்துக்கு விதை கிடையாது. சீமை அத்திக்கும் இப்படி ஒரு குளவி உண்டு. ஸ்மிர்னா ரகத்தை நட்டுவிட்டுக் காயெல்லாம் உதிர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த கலிபோர்னியா விவசாயிகள், 1899இல் அந்தக் குளவி வந்து நிலைத்த பிறகுதான் அறுவடை கண்டார்கள். டொராண்டோவில் அந்தக் குளவி கிடையாது. மகரந்தம் சேராமலே பழுக்கிற ரகங்களை மட்டும்தான் இங்கே வளர்க்க முடியும்.

பிறகு கொம்புகளை அடியிலிருந்து நுனிவரை கயிற்றால் சுற்றி இறுக்கினார்கள். ஏழெட்டு மெல்லிய கொம்புகள். ஒற்றை அடிமரமாக வளர விட்டால் வளையாது, ஒடிந்துவிடும். அதனால் தடித்துப்போன கொம்பைச் சில வருடத்துக்கு ஒருமுறை அடியோடு நீக்கிவிட வேண்டும். வேலி ஓரமாக, மரத்தின் உயரத்துக்குச் சமமான நீளத்தில், முழங்காலுக்கு மேல் ஆழமாக ஒரு பள்ளம். பையன் வெட்டினான். மேல்மண் கறுப்பு, ஒரு சாண் போனதும் களிமண். ஐயா நின்றுகொண்டே திசை காட்டினார். அவர் தகப்பன் வலிகாமத்தில் வாழைக்கண்டு நடக் கிடங்கு வெட்டச் சொல்லிக்கொடுத்ததும் இதே தொனியில்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்து வேர்களை மண்வெட்டியால் நறுக்கினான். எனக்குப் பகீரென்றது. அப்படி நறுக்கினால்தான் மரம் சாயும். பள்ளத்துப் பக்க வேர்கள் வெட்டுப்படாமல் கீல் மாதிரி தாங்கிக்கொள்ளும், வசந்தத்தில் நிமிர்த்தியதும் வெட்டிய பக்கம் புதுவேர் விடும். பையன் கையால் தள்ளினான். மரம் அசையவில்லை. "கையால இல்லை, முழங்காலால. அடியில குடு, மெதுவா" என்று ஐயா ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னார். பாட்டி இத்தாலிய மொழியில் ஏதோ கத்தினார். அடியிலிருந்து ஒரு முனகல் சத்தம், வேர் மண்ணை விடுகிற சத்தம். மரம் சாய்ந்து பள்ளத்தில் படுத்தது. குறுக்கே இரண்டு கட்டைகளை வைத்து அது எழும்பாமல் அழுத்தினார்கள். மேலே பழைய ஒட்டுப்பலகை, அதன்மேல் மேப்பிள் சருகு நிரப்பிய மூட்டைகள், பிறகு மண், கடைசியில் தண்ணீர் இறங்காமல் ஒரு தார்ப்பாய்.

இந்த ஊரில் வீட்டு அஸ்திவாரத்தை நான்கு அடிக்கு இறக்குகிறார்கள், உறைபனி அவ்வளவு ஆழம் போகும் என்பதால். அப்படியிருக்க இரண்டடிப் பள்ளம் எப்படிப் போதும் என்று கேட்டேன். பூமியின் சூடு கீழிருந்து வரும், சருகும் பலகையும் அதைப் பிடித்துவைக்கும், மேலே பனி விழுந்தால் அதுவும் ஒரு கம்பளம். உள்ளே தண்ணீர் உறையும் குளிர் வரலாம். மைனஸ் 10 வராது. மரம் கேட்பது அவ்வளவுதான். மண் வறண்டும் இருக்கக் கூடாது, சேறாகவும் ஆகக் கூடாது. ஏப்ரல் கடைசியில் ஒரு மப்பான நாளாகப் பார்த்துத் தோண்டி எடுக்க வேண்டும். பளீரென்ற வெயில் நாளில் எடுத்தால் இருட்டில் கிடந்த பட்டை வெந்துவிடும்.

மூடுவதற்கு முன்பே அடியிலிருந்து வேரோடு இரண்டு பக்கக்கன்றுகளைப் பிரித்து ஐயா ஈரச்சாக்கில் சுற்றிவைத்திருந்தார். ஒன்று ஸ்கார்பரோவுக்கு. இன்னொன்றைப் பையனிடம் கொடுத்தார், வுட்பிரிட்ஜ் வீட்டுக்கு. பாட்டியின் கணவர் தன் ஊரிலிருந்து குச்சியை ஈரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம். இன்று அது நடக்காது. பெரும்பாலான நாடுகளுக்குச் செடியைக் கொண்டுபோகத் தாவர நலச் சான்று வேண்டும், நம் நாட்டுக்கு இறக்குமதி அனுமதியும் வேண்டும். எனக்கும் ஒரு குச்சி தருவதாக ஐயா சொன்னபோது அதனால்தான் வேண்டாம் என்றேன். சென்னையில் சீமை அத்தி வேண்டுமென்றால் புனே பக்கத்து ரகங்கள் இருக்கின்றன. 2016இல் புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தியின் நாடு அது. மொட்டைமாடித் தொட்டியிலேயே காய்க்கும். சென்னையில் அதற்கு எதிரி வடகிழக்குப் பருவமழை. பழம் வெடிக்கும், இலையில் துரு நோய் விழும். ஐயா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். மழைக்கு என்ன செய்வீர்கள் என்று விவரமாக விசாரித்தார்.

பாட்டி உள்ளே கூப்பிட்டு, சர்க்கரையில் காய்ச்சி வைத்திருந்த அத்தியை ரொட்டியோடு கொடுத்தார். பறிப்பதற்குச் சில நாள் முன்பு காயின் கண்ணில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தடவினால் சீக்கிரம் பழுக்கும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். பையன் அதைக் கைபேசியில் படம் பிடித்தான். வரும் வருடமும் அதே பக்கம்தான் சாய்க்க வேண்டுமா என்று ஐயாவைக் கேட்டான். அதே பக்கம்தான், மரம் பழகியிருக்கும் என்றார் ஐயா. அவன் எழுந்து வெளியே போய், நிலவறையிலிருந்து பெயின்ட் டப்பா ஒன்றை எடுத்து, வேலிப் பலகையில் பள்ளம் இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டு, அதன் கீழே தேதியும் எழுதினான்.